ஊர் தூரம்... பள்ளிக்கூடம் பக்கம்!

ஆசிரியை உத்தியோகம் பெண்களுக்கு ஏற்றது என்று நம் வீடுகளில் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். 'காலையில் போனால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம், கோடை லீவு உண்டு, குழந்தைகளையும் கவனித்துக் கொள்ளலாம்' என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட 'டீச்சர் பெண்ணா?' என்று ஒரு படி மேலாகவே மதிப்பார்கள். ஆனால் நியமன உத்தரவு கைக்கு வரும்போது, அதில் பெரும்பாலும் சொந்த ஊர் இருப்பதில்லை. தென்மாவட்டத்துப் பெண் என்றால் அநேகமாகத் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் என்று ஒரு வட மாவட்டத்தின் பெயர்தான் இருக்கும்.

காரணம் மிக எளிது. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் ஏராளம். காலியிடங்களோ வடக்கே அதிகம். ஆகவே அங்கே பிறந்தவள் இங்கே வந்து 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக் கொடுக்கிறாள். பிறகு வருஷா வருஷம் மாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்று காத்திருக்கிறாள்.

நானும் அப்படி வந்தவள்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து 2012 டிசம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தேன். ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் நான் வேலை பார்க்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. லீவுக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் பஸ் பிடித்து விழுப்புரம் போய், நடுநிசிக்குச் சற்று முன்னால் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்துவிட்டால் அதுவும் லேசில்லை. பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவர லட்சக்கணக்கான ஜனங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருக்கும்போது, நான் ஒருத்தி மட்டும் ஊரைவிட்டு வெளியே போகப் பஸ் தேடிக் கொண்டிருப்பேன்!

'இத்தனை தூரத்தில் அப்படி என்ன இருக்கிறது?' என்று உறவினர்கள் கேட்பார்கள். என்ன இருக்கிறது என்றுதான் இங்கே எழுதப் போகிறேன்.

குளம் வேறு, ஏரி வேறு!

தமிழ் ஒன்றுதான். ஆனால் நாக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற பெரிய நீர்நிலை 'குளம்'. இங்கே அது 'ஏரி'. குளம் என்றால் கோவில் குளம். நான் வகுப்பில் "குளம் நிறைஞ்சா நெல்லு விளையும்" என்றதும், ஒரு பையன் எழுந்து, "கோயில் கொளத்துத் தண்ணிய யாரு டீச்சர் கழனிக்கு விடுவாங்க?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதானே! அன்றைக்குப் பாடம் அப்படியே திசை மாறி, 'உங்க ஊர்ச் சொல், எங்க ஊர்ச் சொல்' என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டுவிட்டோம்.

எங்கள் வயல் அவர்களுக்குக் கழனி. எங்கள் தட்டைப்பயறு அவர்களுக்குக் காராமணி. எங்கள் கடலை அவர்களுக்கு மல்லாட்டை. எங்கள் ஆச்சி அவர்களுக்கு ஆயா. "அம்மா எங்கே?" என்று கேட்டால், "கொல்லைக்குப் போயிருக்காங்க" என்று பதில் வரும். எங்கள் வீட்டில் கொல்லை என்றால் வீட்டின் பின்பக்கம்; கொல்லைக்குப் போவது என்றால் வேறு சங்கதி! இங்கே கொல்லை என்பது மானாவாரி நிலம். மல்லாட்டை பிடுங்கப் போயிருக்கிறாள் தாய் என்று அர்த்தம்.

அதைவிட வேடிக்கை நம் 'ழ'கரம். வடக்கே பேச்சில் பழம் 'பயம்' ஆகிவிடும். தெற்கே 'பளம்' ஆகிவிடும். ஆகவே எங்கள் வகுப்பில் 'ழ' எழுத்து வரும் வாரம் பெரிய கொண்டாட்டம். நாக்கை மடித்து மேலண்ணத்தின் பக்கம் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, 'வாழைப்பழம்', 'மழை', 'கிழவி' என்று முப்பது குழந்தைகளும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். நான் அவசரத்தில் "சொல்லுதேன்ல, கேளுங்க" என்று நெல்லைப் பேச்சில் அதட்டினால், பின்பெஞ்சிலிருந்து "சொல்லுதேன்ல!" என்று ஓர் எதிரொலி வரும். கோபப்பட முடியுமா?

வகுப்பில் குழந்தையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' முறை 2022-இல் வந்தது. அரும்பில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் திடீரென்று எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். அந்த நிமிஷம் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. என் மாணவன் ஒருவனுக்கு அது புத்தகத்தில் வரவில்லை, பஸ்ஸில் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்ற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்து, "தி...ரு...வ...ண்...ணா...மலை!" என்று கத்தினான். கண்டக்டர் கைதட்டினார். அன்றெல்லாம் எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

கூத்து சொல்லிக் கொடுத்த பாடம்

இந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மகாபாரதம் யாரும் சொல்லித் தர வேண்டாம். தெருக்கூத்துக்குப் பேர் போன புரிசை கிராமம் இந்த மாவட்டத்தில்தான், செய்யாறு பக்கத்தில் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயர் கடல் கடந்தும் தெரியும். கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் நடந்தால், பகலில் பாரதக் கதை வாசிப்பும் இரவில் கூத்துமாக நாள் கணக்கில் நடக்கும். கடைசியில் மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகச் செய்து படுக்கவைத்துப் 'படுகளம்' நடத்துவார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வரும் பிள்ளைகளிடம் கணக்குப் பாடம் செல்லாது. அதற்குப் பதிலாக, 'நீ நேற்றுப் பார்த்ததைப் பத்து வரியில் எழுது' என்பேன். இரண்டு வரி எழுத அழுகிற பையன் அன்றைக்கு ஒரு பக்கம் எழுதிவிடுவான்!

கார்த்திகை வந்தால் சொல்லவே வேண்டாம். மலையுச்சியில் கொப்பரை வைத்து, ஆயிரக்கணக்கான லிட்டர் நெய் விட்டு, துணித் திரி போட்டு ஏற்றும் தீபம் பதினோரு நாள் எரியும். எங்கள் பள்ளி மைதானத்திலிருந்தே ஒரு பொட்டுப் போலத் தெரியும். சாயங்காலம் ஆனால், 'யார் முதலில் பார்ப்பது' என்று போட்டி. சுமார் 2,670 அடி உயரத்தில் எரிவதால் இத்தனை தூரம் தெரிகிறது என்று சொன்னேன். "அப்போ நம்ம பனைமரம் எத்தனை அடி டீச்சர்?" என்று கேட்டார்கள். பிறகு பனைமரத்தின் நிழலை அளந்தோம், ஒரு குச்சியின் நிழலை அளந்தோம், கணக்குப் போட்டோம்.

எப்போதும் சிரிப்பாகவே போய்விடுவதில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பள்ளி திறந்த அன்று வகுப்பு அமைதியாக இருந்தது. "சாமி மலை எப்படி டீச்சர் விழும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை. மைதானத்தில் இரண்டு மண்மேடு செய்தோம். ஒன்றில் புல்லோடு மண்கட்டியை எடுத்து வைத்து மூடினோம். மற்றது வெறும் மண். இரண்டிலும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினோம். வெறும் மண் கரைந்து இறங்குவதைக் குழந்தைகள் வாய் பேசாமல் பார்த்தார்கள். செடி வேர் மண்ணைப் பிடிப்பதையும், அளவுக்கு மிஞ்சி மழை ஊறினால் வேர்கூடத் தாங்காது என்பதையும், மழை கொட்டும்போது சரிவின் அடியில் இருக்கக்கூடாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். சந்தோஷமான பாடமில்லை. ஆனால் அவசியமான பாடம்.

ஆயா வீட்டுக் கூழ்

தனியாக இருக்கும் பெண்ணுக்கு முதல் கஷ்டம் சாப்பாடு. ஒருத்திக்காக யார் உலை வைப்பது என்று டீயும் பன்னுமாக ஓட்டும் டீச்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது இந்த ஊர்க் கேழ்வரகு.

ஆடி மாதம் இங்கே அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்து வைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து அதில் மாவை ஊற்றிக் கிளறி, ஆறவிட்டு, மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் இதைவிட மலிவான பலம் வேறு எது?

முதல் ஆடியில் என் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். ஒன்பது வாளி கூழ்! தூரத்து ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

பொங்கலுக்குப் பின் காலியாகும் இடங்கள்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தை பிறந்ததும் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பல குடும்பங்கள் வேலை தேடிக் கிளம்பும். சிலர் கரும்பு வெட்ட, சிலர் செங்கல் சூளைக்கு, சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்கு. பிள்ளைகளையும் அழைத்துப் போவார்கள். ஜூனில் திரும்பி வரும் குழந்தை படித்ததையெல்லாம் மறந்திருக்கும். திரும்பி வராத குழந்தையும் உண்டு.

2024 தை மாதம் என் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "நான் நாளையிலேருந்து வரமாட்டேன் டீச்சர்" என்றாள். நன்றாகப் படிக்கிறவள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டியாகிவிட்டது. தாயார் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள்: "இவ வந்தாத்தான் டீச்சர் கைக்கொழந்தையப் பாத்துக்கும். அப்பத்தான் நான் கல்லு தூக்க முடியும். கடன் இருக்குது."

இதில் நான் என்ன உபதேசம் செய்ய முடியும்? அவள் சொன்னது பொய்யில்லை. "ஆயாவிடம் விட்டுப் போகலாமே?" என்று மட்டும் கேட்டேன். ஆயா குறுக்கே வந்தாள்: "நான் விடிஞ்சா ஆடு ஓட்டிக்கினு பூடுவேன். இதுக்கு யாரு காலைல சோறு ஆக்கிப் போடறது?"

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பமாகி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியச் சத்துணவோ 1982-இலிருந்தே உண்டு. "காலையில் உப்புமாவோ பொங்கலோ பள்ளியில் கிடைக்கும். மத்தியானம் சாப்பாடு, முட்டை. ராத்திரி ஒருவேளை மட்டும் நீங்கள் போடுங்கள்" என்றேன். ஆயா யோசித்தாள். பிறகு தன் மருமகளைப் பார்த்து, "நீ கல்லு தூக்காத. மேஸ்திரி ஆளுங்களுக்குச் சோறாக்கற வேலைய கேளு. புள்ளையப் பக்கத்துலயே தூளி கட்டிப் போட்டுக்கலாம்" என்றாள். கூலி குறைச்சல்தான். கடன் அடைய இன்னும் சில மாதம் கூடுதலாக ஆகும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றாள்.

அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்து, இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் மேற்கொண்டு படிக்கிறாள். இதில் என் பங்கு கொஞ்சம். ஆயாவின் பங்கும், கூலியைக் குறைத்துக்கொண்ட அந்தத் தாயின் பங்கும்தான் அதிகம். ஆனாலும், அதே ஊரில் குடியிருக்கும் ஒரு டீச்சருக்குத்தான் சாயங்காலம் போய் அந்தத் திண்ணையில் உட்கார முடியும்.

என் மகளும் என் பள்ளிக்கூடமும்

பிறர் பிள்ளைக்கு இத்தனை பேசுகிறாயே, உன் பிள்ளை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் 2020-இல் பிறந்தாள். கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த காலம் முழுவதும் என்னோடு இருந்தாள். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்ததும் அவளை ஊரில் என் அம்மாவிடம் விட்டேன். என் கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை. மூன்று பேரும் மூன்று இடம்! ராத்திரி எட்டு மணிக்குப் போனில் கதை சொல்லித்தான் அவளைத் தூங்க வைத்தேன்.

போன வருஷம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வேளை. கலந்தாய்வுக்கு எழுதிக் கொடுத்து எப்படியாவது தெற்கே போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். போனால் என் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு ஒரே ஒரு ஆசிரியைதான் மிஞ்சுவார். இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில் என் அம்மாதான் வழி சொன்னாள். "நீ வரவேண்டாம்ளா. நாங்க ரெண்டு பேரும் அங்க வாரோம்" என்றாள்.

அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்குமோ என்று பயந்தேன். எங்கள் வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே அவளை ரமணாசிரமம் அழைத்துப் போனார். மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் 1896-இல் இங்கே வந்து ரமண மகரிஷியானதையும், அவர் தாயார் அழகம்மாள் 1916 முதல் மகனோடு மலையிலேயே தங்கி எல்லோருக்கும் சமைத்துப் போட்டதையும் சொன்னாராம். திரும்பி வந்து அம்மா, "பிள்ளை இருக்கிற இடம்தான் ஊரு" என்றாள்.

2025 ஜூனில் என் மகளை என் பள்ளியிலேயே சேர்த்தேன். இப்போது அவள் காராமணி என்கிறாள். அம்மா தட்டைப்பயறு என்கிறாள். என் கணவர் மாதத்தில் இரண்டு முறை வந்து போகிறார். அது கஷ்டம்தான்; மறைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் இதே வழி பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். வயதான மாமனார் மாமியாரைப் பார்க்க மாறுதல் வாங்கிப் போன தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் செய்ததும் சரியே.

உடம்பையும் கவனியுங்கள்

வெளியூரில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

தண்ணீர் குடிக்க அஞ்சாதீர்கள். கழிப்பிடம் சரியில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், சிறுநீர்த் தாரையில் கிருமி சேர்ந்து எரிச்சலும் காய்ச்சலும் வரும். வந்துவிட்டால் கடையில் தானாக மாத்திரை வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழிப்பிடத்தைச் சரிசெய்யும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் கூச்சப்படாமல் பேசுங்கள். பெண் குழந்தைகளுக்கும் அது பேருதவி.

குரலை மிச்சம் பிடியுங்கள். கத்துவதற்குப் பதில் கைதட்டி அமைதி வரவழைக்கலாம். இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய். தொண்டைக்கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை நிபுணரைப் பார்ப்பதே நல்லது.

நாள் முழுதும் நிற்கிறவர்கள், இரவில் கால் மணி நேரம் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்தால் வலி குறையும். காலை ஆகாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

தூர தேசத்துக்கு வந்து கற்பித்த பெண்கள் நமக்குப் புதிதல்ல. டென்மார்க்கிலிருந்து 1909-இல் வந்த ஆன் மேரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியை ஏற்படுத்தினார். 1921-இல் காந்தியடிகளே அதற்கு அடிக்கல் நாட்டினார். அவருக்குக் கடல் தாண்டும் தூரம். நமக்கு ஓர் இரவு ரயில்தான். ஆனால் தனிமை இரண்டுக்கும் ஒன்றே.

ஆகவே தாய்மார்களே, உங்கள் பெண்ணுக்கு வெளி மாவட்டத்தில் வேலை கிடைத்தால் உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் கூடவே போய்த் தங்கி, பத்திரமான வீடு பார்த்து, அடுப்புப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேற்றூர் டீச்சர் வந்திருந்தால், நாலு மணிக்கு மேல் அவள் எங்கே போகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் விசாரியுங்கள். கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது சாயங்காலம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முன்வந்தவர்களில், பிளஸ் டூ படித்துவிட்டு வீட்டில் இருந்த எங்கள் ஊர் மருமகள்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைகளில்தான் நான் இந்த ஊரைக் கற்றுக்கொண்டேன்.

பண்டிகை நாளில் அந்த டீச்சருக்கும் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்புங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் உங்கள் குழந்தையின் முகத்தில் தெரியும் பெருமையை வாசலில் நின்று பாருங்கள்!